வெறும் முகம்

கிண்ணத்தில் வெண்பொடியைக் குழைத்துக்கொண்டிருந்த பணிப்பெண் தோக்-சிலின் கையை சிம் நாயகி பிடித்து நிறுத்தினாள்.

"இன்னைக்கு வேண்டாம். முகத்தக் கழுவி மட்டும் விடு."

அரசர் கண்ணில் பட்டு நாயகி ஆசைநாயகியாக உயர்ந்த நாளிலிருந்து அவளுக்கு ஒப்பனை செய்பவள் தோக்-சில்தான். வெண்கல்லைப் போல மாசற்ற முகம், பிறைபோல் மெல்லிய புருவம், குசும்பப்பூவின் சிவப்புச் சாயம் தொட்ட சிறிய உதடு. அந்தப்புரத்தில் அழகென்றால் அதுதான். தென்கடற்கரையில் பிறந்த நாயகியின் மூக்கிலும் கன்னங்களிலும் தவிடு தூவியதுபோல் புள்ளிகள் இருந்ததை வேறு யாரும் அறியமாட்டார்கள். அரசர் தங்கும் நாட்களில் அவர் விழிப்பதற்குள் எழுந்து பூசிக்கொண்டுவிடுவாள்.

இப்போது நெஞ்சுநோய் முற்றிவிட்டது. அரண்மனைக்குள் உயிர்விட அரச ரத்தத்துக்கு மட்டுமே உரிமை, ஆசைநாயகிக்கு இல்லை. மதியம் பல்லக்கு வந்து அவளைப் பிறந்த வீட்டுக்குக் கொண்டுபோகும். அதற்குமுன், பால்தாயிடம் வளரும் ஐந்து வயது மகள் வந்து வணங்கிவிட்டுப் போவாள்.

"கொழந்த பயந்துரும் நாச்சியாரே. உடம்பு இருக்கிற இருப்புல..."

"அவ மூக்குலயும் புள்ளி வந்திருக்காம். இப்பவே மாவு பூசி மறைக்கிறாங்களாம். அழுதாளாம் தோக்-சில், அழுக்குன்னு நெனச்சு தேச்சுத் தேச்சுக் கழுவினாளாம். எனக்கும் இருக்குன்னு அவ பாக்கட்டும்." மூச்சு வாங்க நிறுத்தினாள். "நல்லா இருந்தப்பவே காட்டியிருக்கணும்."

மகள் வந்தாள். அந்தச் சிறிய முகத்தில் மாவு திட்டுத்திட்டாகக் காய்ந்திருந்தது. வாசலில் நின்று, படுக்கையில் சாய்ந்திருந்தவளைப் பார்த்தாள். மஞ்சள் பாய்ந்த தோல், புருவமில்லாத நெற்றி, வெடித்த உதடு. சொல்லிக்கொடுத்தபடி அழகாகக் குனிந்து வணங்கினாள். பிறகு பால்தாயின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா எங்க?"

பால்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். சிம் நாயகி கையை நீட்டினாள். குழந்தை ஒரு அடி பின்வாங்கியது. நீட்டிய கை மெல்ல மடிக்குத் திரும்பியது. பெற்ற மகளானாலும் அரசரின் ரத்தம். பணிந்துதான் பேச வேண்டும்.

"அம்மா உள்ள இருக்காங்க. கொஞ்சம் வெளிய நில்லுங்க. வரச் சொல்றேன்."

கதவு சாத்தப்பட்டதும் தோக்-சிலைப் பார்த்து, "சீக்கிரம்" என்றாள்.

தோக்-சில் பூசினாள். காய்ச்சல் வியர்வையில் பொடி ஒட்டாமல் வழிந்தது. துடைத்துத் துடைத்து மறுபடி பூசினாள். புருவம் தீட்டினாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எல்லாம் முடியும்வரை நாயகி கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் நீர் வழிந்து பூச்சு கெட்டுவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்த முறை குழந்தை ஓடிவந்து மடியில் ஏறிக்கொண்டது.

"அம்மா, இங்க ஒரு பாட்டி இருந்தாங்களே, யாரு?"

"ஊருக்குப் போறவங்க."

"அவங்க மூஞ்சி பூரா அழுக்கு."

"அழுக்கு இல்ல. கடலோரத்துல பொறந்தவங்களுக்கு அப்பிடித்தான் இருக்கும். நல்லவங்க."

"அவங்களுக்கு மாவு இல்லயா?"

பதிலுக்குக் காத்திராமல் குழந்தை பூனைக்குட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கியது, அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பல்லக்கில் ஏறுமுன் நாயகி ஈரத்துணி வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்கு எதுக்கு இது" என்றாள். தோக்-சில் பல்லக்கின் பக்கத்தில் நடந்தாள். வெளிமுற்றத்தில் பூனையைத் துரத்திக்கொண்டிருந்த குழந்தையைப் பால்தாய் ஓரமாக இழுத்து நிறுத்தினாள்.

"அந்தப் பாட்டிதான போறாங்க?"

பால்தாய் தலையாட்டினாள். குழந்தை ஒழுங்காக நின்று, இரு கைகளையும் நெற்றிக்கு உயர்த்திக் குனிந்தது.

"போயிட்டு வாங்க, பாட்டி."

பல்லக்கின் திரை ஓரத்தில் விரல்கள் வந்து பற்றின. நகக்கண்களில் துடைத்தும் போகாத வெண்மை. யாரும் சொல்லாமலேயே பல்லக்குத் தூக்கிகள் நடையைத் தளர்த்தினார்கள். திரை விலகும் என்று தோக்-சில் பார்த்தாள். விரல்கள் அங்கேயே இருந்தன, துணியை இறுகப் பிடித்தபடி, வாசல் தாண்டும்வரை.