கண்ணாடிக் கதவும் அய்யப்பன் மூக்கும்

பாயிஸா ஒரு வேலையை நெனச்சா, அது முடிஞ்ச மாதிரிதான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தீனதயாளன் கட்டின புது காம்ப்ளெக்ஸ்ல ஃபேன்சி ஸ்டோர் வைக்கப் போறேன்னு ரம்ஜானுக்கு முன்னாடி சொன்னா. பெருநாள் முடிஞ்சு பத்தே நாள்ல ரேக் அடிச்சு, சரக்கு இறக்கி, வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கப்புறம் திறப்பு விழான்னு ஊரெல்லாம் பத்திரிகையும் கொடுத்துட்டா. அக்ரிமெண்ட்ல கையெழுத்து ஆகாமலே ரேக் அடிப்பாங்களான்னு கேக்காதீங்க. பாயிஸா அடிப்பா.

அந்தக் கையெழுத்துக்குக் குறுக்க நின்னது ஒண்ணே ஒண்ணு, லயபிலிட்டி இன்சூரன்ஸ். கடைக்கு வர்றவங்க வழுக்கி விழுந்தாலோ, தலையில ஏதாவது சரிஞ்சாலோ, ஆஸ்பத்திரி, கேஸு, கோர்ட்டுன்னு வர்ற செலவுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பு. போன வருஷம் தீனதயாளனோட பழைய கட்டடத்துல ஒரு பொம்பள கடைப்படியில விழுந்து இடுப்ப ஒடச்சிக்கினா. அவ சொந்தக்காரங்க ஒரு வேன் நெறைய வந்து அவர் வூட்டு வாசல்லயே உக்காந்துட்டாங்க. அதுலேர்ந்து மனுஷன் சூடு கண்ட பூனை.

"வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள அந்தப் பேப்பரக் காட்டும்மா, கையெழுத்துப் போடறேன். இல்லேனா செல்போன் கடைக்காரன் காத்துக்கினு இருக்கான்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு ஏஜெண்ட் அய்யப்பன் கடையைப் பாக்க வந்தான். பாயிஸாவோட வூட்டுக்காரன் சுபைர் காலையிலேர்ந்து பேப்பரும் தண்ணியுமா கண்ணாடிக் கதவைத் தேய்ச்சிக்கினு இருந்தான். கண்ணாடி இருக்கறதே தெரியக்கூடாதுன்னு அவனுக்கு ஒரு வெறி. தெரியவும் இல்லை. போன்ல பேசிக்கினே வேகமா வந்த அய்யப்பன் அதுலயே போய் டம்முனு முட்டினான். கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலை. அவன் மூக்குலேர்ந்து ரத்தம் கொட்டுச்சு.

"யா அல்லா!"ன்னு சுபைர் ஐஸ் வாங்க ஓடினான். பாயிஸா அய்யப்பனை நாற்காலியில உக்கார வச்சு, தலையை முன்னால சாய்ச்சு, மூக்கை அழுத்திப் புடிக்கச் சொன்னா.

ரத்தம் நின்னதும் அவனுக்கு வாய் தொறந்துச்சு. "இன்னா பாயம்மா இது? இந்தத் தெருவுல எல்லாக் கடைக் கண்ணாடியிலயும் போன ஆயுத பூஜைக்கு வச்ச சந்தனமும் குங்குமமும் காஞ்சுபோய் அப்பிடியே கெடக்கு. அதப் பாத்துதான் கால் நிக்குது. உங்க கண்ணாடியில ஒரு புள்ளிகூட இல்லியே!"

பாயிஸாவுக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. வாஸ்தவம்தான். அவங்க வூட்டுல யாரும் கண்ணாடிக்குக் குங்குமம் வச்சதில்லை, அதனால யாருக்கும் இது தோணலை. எழுந்து போய் ஸ்டிக்கர் பொட்டுல இருக்கறதுலயே பெருசா ஒரு அட்டையைக் கிழிச்சா. பெரியவங்க கண்ணு மட்டத்துக்கு ஒரு வரிசை, புள்ளைங்க மட்டத்துக்கு ஒரு வரிசை, கதவு முழுக்க ஒட்டிட்டா.

ஐஸோட வந்த சுபைர் திகைச்சு நின்னான். "நம்ம கடையில பொட்டா?"

"விக்கலாம், ஒட்டக்கூடாதா? மூக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அய்யப்பன் விண்ணப்பத்தை எடுத்தான். 'இந்த இடத்தில் இதற்கு முன் விபத்து ஏதேனும் நடந்ததா?'ன்னு ஒரு கேள்வி. 'இல்லை'ன்னு எழுதப் போனவன் பேனாவை பாயிஸா பிடிச்சுட்டா.

"இப்பதானே நடந்துச்சு?"

"கடையே தொறக்கல பாயம்மா. ஆமான்னு எழுதினா பிராஞ்சுல நூறு கேள்வி கேப்பாங்க. இன்னிக்குப் பேப்பர் வராது."

சுபைர் கெஞ்சினான். "நாலு மணி ஆவப் போவுது. நான் ஒண்ணும் பாக்கல, அவரும் ஒண்ணும் பாக்கல. வுடேன்."

அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? இந்தக் கடைக்காக அவ தூக்கத்தைத் தொலைச்சிருந்தா. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாமப் போயிடுமோன்னு பயமும் இருந்துச்சு. ஆனாலும் பேனாவை வுடலை.

"நாளைக்கு வெள்ளிமலையிலேர்ந்து பஸ் எறங்கி வர்றவ புள்ள இதுல முட்டி பல்லு போச்சுன்னா? முன்னாடியே ஒருத்தர் முட்டினத ஏன் மறைச்சேன்னு உங்க ஆபீஸு கைய விரிச்சுட்டா, நான் அந்தத் தாய்க்கு இன்னா பதில் சொல்வேன்? எழுதுங்க. எழுதுங்கன்றேன்!"

எழுதினான். 'ஒரு முறை. பார்வையிட வந்த ஏஜெண்டுக்கு மூக்கில் அடி.' பொட்டு ஒட்டின கதவையும் படம் புடிச்சு அனுப்பினான். நாளைக்குப் பாத்துட்டு சொல்றோம்னு பிராஞ்சுலேர்ந்து பதில் வந்துச்சு. சுபைர் தலையில கை வச்சு உக்காந்துட்டான்.

நாலு மணிக்கு தீனதயாளன் வந்தார்.

"பேப்பர் எங்கம்மா?"

"வரலண்ணே. அனுப்பின விண்ணப்பம்தான் இருக்கு." கூச்சமே படாம நீட்டினா.

அவர் நிதானமாப் படிச்சார். மூக்குல பஞ்சு வச்சிருந்த அய்யப்பனைப் பாத்தார். வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு, சட்டுனு அடங்கினார்.

"அந்தப் பழைய கட்டடத்துல கடை வச்சிருந்தவனும் இன்சூரன்ஸ் எடுத்திருந்தாம்மா. படி வழுக்கும்னு தெரிஞ்சும் எழுதாம மறைச்சிருக்கான். ஒத்த ரூபா வரல." பையிலேர்ந்து அக்ரிமெண்டை எடுத்துக் கையெழுத்துப் போட்டு அவ கையில குடுத்தார். "பேப்பர் வரும்போது வரட்டும். நீ நாளைக்குக் கடையத் தொற."

சுபைர் துள்ளி எழுந்தான். பாயிஸா தாளை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கினா.

"ரொம்ப சந்தோஷம்ணே. ஆனா நாளைக்குத் தொறக்க மாட்டேன்."

"இன்னாம்மா இது? உனக்காகத்தானே சொல்றேன்?"

"காலையில வரைக்கும் அது உங்களுக்குக் காட்டற பேப்பர்னுதான் நெனச்சேன். இவரு ரத்தத்தப் பாத்தப்புறம் அப்பிடி நெனைக்க முடியலண்ணே. அது வராம ஒரு ஆளையும் உள்ள வுட மாட்டேன்."

 பாயிஸா போனை எடுத்து மொதல்ல மாமியாரைக் கூப்பிட்டா.

"மாமி, நாளைக்கு பிரியாணி அண்டாவ ஏத்த வேணாம். திறப்பு தள்ளிப் போச்சு."

அந்தப் பக்கம் பாத்திமுத்து போட்ட சத்தம் அய்யப்பன் வரைக்கும் கேட்டுச்சு. பாயிஸா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுக்கினா.

"திட்டுங்க மாமி, பரவால்ல. நம்ம கடைக்கு வர்றவங்க முழுசா வூடு போய்ச் சேரணும். அதுக்கப்புறம் பிரியாணி."