ஒன்றே முக்கால் மணி டிக்கெட்

இரண்டு குடும்பமுமாக இத்தாலிக்கு, ஃப்ளோரன்ஸ் போகலாம் என்று சுந்தரராமன் சொன்னதுமே டிக்கெட் வேலையை முந்திக்கொண்டு வாங்கிக்கொண்டவள் கண்மணிதான். "நீங்க எதுக்குண்ணா அலையணும், எல்லாம் நான் புக் பண்றேன்" என்றாள். என்ன தங்கமான பொண்ணு என்று அவர் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

விஷயம் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அவள் புருஷன் வேலுமணிக்கு வேலை போனது. விசாவில் இருப்பவனுக்கு அறுபது நாள் கெடு. அதற்குள் வேறு வேலை, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஐம்பத்து மூன்றாம் நாள் ஏதோ ஒன்று கிடைத்தது. அதுவரை அவள் கண் மூடவில்லை. மேனேஜர் சுந்தரராமன் வீடு தேடி வந்து, "மேலிடத்து முடிவும்மா, எனக்கே தெரியாது" என்று கண் கலங்கினார். அவள் போட்ட காபியையும் குடித்துவிட்டுப் போனார்.

ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் இந்தப் பொங்கல் பாட்லக்கில்தான் அந்த கம்பெனி எச்.ஆர். பெண் வாய்தவறி உண்மையைக் கொட்டினாள். வேலையை விட்டு எடுக்க ஒரே ஒரு பேர் கேட்டார்களாம். வேலுமணி பேரைக் கொடுத்தவர் சுந்தரராமன். அதோடு விட்டாரா? வேலுமணியிடம் அதைச் சொல்ல எட்டரைக்கு இருந்த மீட்டிங்கை ஒன்பது ஐந்துக்கு மாற்றினாராம். திங்கட்கிழமை ராகுகாலம் ஒன்பதுக்குத்தானே முடிகிறது! அடுத்தவன் வயிற்றில் அடிக்கவும் நல்ல நேரம் பார்த்த மனுஷன்.

"விடு கண்மணி" என்றான் வேலுமணி. அவள் விடுவதாக இல்லை.

ஃப்ளோரன்ஸில் ஒரு மியூசியத்தில், சிப்பி மேல் நிற்கும் பெண்ணின் ஓவியம் இருக்கிறது. அதன் நகல் பதினோரு வருடமாகச் சுந்தரராமன் வீட்டு சோஃபாவுக்கு மேலே தொங்குகிறது. அசலை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கண்மணி வியாழக்கிழமையாகப் பார்த்து, மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு புக் செய்தாள். வியாழன் ராகுகாலம் ஒன்றரை முதல் மூன்று. மறுநாள் காலையில் ஊர் திரும்ப நியூவர்க் ஃப்ளைட். டிக்கெட்டுகளை வாட்ஸ்அப் குரூப்பிலும் போட்டாள். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் ஆள் வைத்துப் பழகியவர்.

வியாழக்கிழமை காலையில் சர்ச்சுகள். முதல் சர்ச் வாசலிலேயே அரை டிராயரோடு வந்த சுந்தரராமனைத் தடுத்து, இடுப்பில் ஒரு காகிதத் துணியைச் சுற்றிக்கொள்ளச் சொன்னார்கள். முட்டி தெரியக் கூடாதாம். கண்மணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டாவது சர்ச்சில் அவள் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, 'இன்னிக்கு இந்த ஆளை வெளியே நிக்க வை சாமி' என்று வேண்டிக்கொண்டாள்.

மியூசியம் வாசலில்தான் அவர் டிக்கெட்டைப் பார்த்தார். அப்போது மணி ஒன்றே கால்.

"ஒண்ணே முக்காலா? ராகுகாலம்மா! இப்பவே உள்ள போயிடலாம், கேளு."

காவலாளி கையை விரித்தார். ஒன்றே முக்காலுக்கு முன்னால் விடமாட்டார்கள். இரண்டு மணியைத் தாண்டினால் டிக்கெட் செல்லாது. வேறு டிக்கெட்டும் இல்லை.

"வெளிநாட்டுல என்ன சார் ராகுகாலம்?" என்றான் வேலுமணி.

"ஏம்ப்பா, இங்க சூரியன் உதிக்கலையா? இருபத்தஞ்சு வருஷமா ராகுகாலத்துல ஒரு வாசப்படி தாண்டினதில்ல. நீங்க போங்க."

அவர் மனைவி வசுமதி, "நான் போட்டோ எடுத்துட்டு வரேன், கவலைப்படாதீங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

கண்மணி அந்த ஓவியத்தை ஒரு நிமிடம்தான் பார்த்தாள். பிறகு நடைபாதை ஜன்னலுக்குப் போனாள். கீழே கொளுத்தும் வெயிலில், கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தார் சுந்தரராமன். மனது நிறையப் பார்த்தாள். இருக்கட்டும், ஐம்பத்து மூன்று நாள் நாங்கள் இருக்கவில்லையா என்று சொல்லிக்கொண்டாள்.

மூன்று ஐந்துக்கு அவர் எழுந்து ஓடிவந்து காவலாளியிடம் கெஞ்சியும் பலிக்கவில்லை. வெளியே வந்தவர்களிடம் எரிந்து விழுந்தார்.

"டைம் பாத்து புக் பண்ணக்கூடத் தெரியாதா கண்மணி?"

"பாத்துதாண்ணா புக் பண்ணேன். எங்க வீட்டுக்காரர் மீட்டிங்க நீங்க ஒம்பது அஞ்சுக்கு மாத்தலையா, அந்த மாதிரி."

"என்ன மீட்டிங்?" என்றாள் வசுமதி.

கண்மணி அத்தனையும் சொன்னாள். வேலுமணி தடுப்பான் என்று நினைத்தாள். அவன் தடுக்கவில்லை.

"ஒரு பேரு குடுத்தே ஆகணும்னாங்க வசு. நான் என்ன பண்றது?"

வசுமதி புருஷனையே பார்த்தாள். "எனக்கு முட்டி ஆபரேஷன் ஆனப்ப, ஆறு வாரம் தெரபிக்கு டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போனது வேலு. வேலை போயி வீட்ல சும்மாதான இருக்கான்னு நீங்கதான் அனுப்பினீங்க. பேரையும் குடுத்துட்டா அனுப்பினீங்க?"

அவருக்குக் காட்டுவதற்காகப் போனில் திறந்து வைத்திருந்த ஓவியப் படங்களை வசுமதி ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.

"வசு, ஒண்ணாவது..." என்று அவர் கை நீட்டினார். அவள் நகர்ந்து நின்று மிச்சத்தையும் அழித்தாள்.

கண்மணிக்கு வயிறு குளிர்ந்தது. "வாங்கக்கா, ஐஸ்கிரீம் சாப்பிடலாம்" என்று வசுமதியின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.