வேனுக்கு அடியில் பச்சை

இறந்துபோன தனேஸ்வரனை வீட்டுக்குப் பின்புறம் குளிப்பாட்டியபோது இருந்தவர்கள் நான்கு பேர்: அண்ணன் ஐயாவு, மகன் கோகிலன், ஈப்போவில் வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் சிநேகிதன் யுகேந்திரன், தண்ணீர் வாளி கொண்டுவருவதாக வந்து நகராமல் நின்றுவிட்ட அடுத்த வீட்டு ராக்காயி.

ஐயாவு தம்பியின் தாடையை மூன்றாம் முறையாகச் சீயக்காய் போட்டுத் தேய்த்தார். உதட்டோரத்துப் பச்சைக் கறை போகவில்லை.

“மருந்துக் கறை அப்படி லேசுல போவாது,” என்றாள் ராக்காயி, வாளியிடம் சொல்வதுபோல.

“என்ன மருந்து?”

“நான் என்னத்தக் கண்டேன்? அவரு செத்துக் கெடந்த எடத்துல மைலோ டின்னு நெறைய பச்சையா இருந்துச்சாம். பேசிக்கிறாங்கலா.”

யார் பேசிக்கொள்கிறார்கள் என்று ஐயாவு கேட்கவில்லை. பேசுகிறவள் எதிரில்தான் நின்றாள். முப்பது வருடம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர் அவர். புல்லுக்கு அடிக்கும் மருந்து ஸ்டோரின் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கியது. லயத்து வீடுகளில் அதைக் குடித்த மூன்று பேரைத் தூக்கியிருக்கிறார். மூன்று வாயிலும் ஏறக்குறைய இதே நிறம். அந்தக் குடும்பங்களுக்கு இன்றுவரை பெயரே ‘மருந்து குடிச்ச வீடு’தான்.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதம் அவர் சட்டைப் பையில் இருந்தது. அதை யார் படிக்கப்போகிறார்கள்? தம்பி எட்டு மாதமாக யாரிடமும் சரியாக முகம் கொடுத்துப் பேசியதில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

உடலை ஹாலில் கிடத்திவிட்டு முன்பக்கம் வந்தார். போர்ச்சில் அந்த வேன். மெத்தையும் அடுப்பும் வைத்த, இருபத்தெட்டு வருடத்துப் பழசு. மனைவி கலாதேவியை ஏற்றிக்கொண்டு நாடு சுற்றப் போகிறேன் என்று வாங்கினான், காம்பாரைத் தாண்டவில்லை. எங்கிருந்தோ ஒழுகியது. இப்போது துக்கத்துக்கு வந்த ஆண்களெல்லாம் அதைச் சுற்றி நின்று, கேஸ்கெட் என்றும் ஹோஸ் என்றும் ரேடியேட்டர் என்றும் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

“இது சாவு வீடா, வொர்க்‌ஷாப்பா?” என்று கத்தினார். உடனே யுகேந்திரன் பக்கம் திரும்பினார். “ஸ்டார்ட் பண்ணுடா.”

“இப்பயா அண்ணே? ரெண்டு மணிக்கு எடுக்கணும்லா.”

“நிக்கட்டும். அந்தப் பச்சை எங்கேர்ந்து வருதுனு எல்லாரும் பாக்கட்டும்.”

கலாதேவி ஹாலிலிருந்து எழுந்து வந்தாள். கையில் பிரித்த அட்டைப் பெட்டி. குனிந்து இன்ஜினுக்கு நேர்கீழே அதை விரித்தாள்.

“ராத்திரி இப்படித்தான் விரிப்பாரு மாமா. சொட்டுறத டின்னுல புடிச்சு அளப்பாரு. காலையில பாத்தா ஒழுகுற எடமே தெரியாம காஞ்சு கெடக்கும். அதான் இன்னைக்கு விடியும்போதே சூடாக்கிப் பாக்குறேன்னு போனாரு. அடியிலயே கெடந்தாரு.”

திரும்பிப் போய் உடலருகே உட்கார்ந்தாள்.

இன்ஜின் இருமிக்கொண்டு ஓடியது. முதலில் தெளிந்த நீர் சொட்டியது.

“ஏர்கோன் தண்ணி,” என்றான் யுகேந்திரன்.

பிறகு கறுப்பாக ஒரு துளி.

“மினியாக், இன்ஜின் எண்ணெ. கெழட்டு வண்டினா இது இருக்கும்.”

பச்சை வரவில்லை. பத்து நிமிடம் ஆனது. சவ வண்டி வந்து தெருவில் நின்றது. சடங்கு செய்ய வந்த பண்டாரம் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“அப்ப பச்சை எங்க?” என்றாள் ராக்காயி.

“எட்டு மாசம் ஒழுகுன சனியன், இன்னைக்குப் பாத்து யோக்கியனாயிருச்சு!” ஐயாவு கதவில் ஓங்கி அறைந்தார்.

“சூடு ஏறணும் அண்ணே, அப்பதான் ரேடியேட்டர்ல ஊத்துற பச்சைத் தண்ணி கசியும். கொஞ்சம் பொறுங்க.”

சூடு காட்டும் முள் பாதிக்கு மேல் ஏறியதும் யுகேந்திரன் இன்ஜினை அணைத்தான். “நான் படுத்துப் பாக்குறேன்.”

“தள்ளு.”

அடுத்தவர் வீட்டில் நாற்காலி போடாமல் உட்காராத மனிதர், எழுபத்திரண்டு வயதில், வெள்ளை வேட்டியோடு அட்டைமேல் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். கோகிலன் டார்ச்சை நீட்டினான். பெல்ட்டுக்குப் பின்னால், பம்பின் அடிவயிற்றில் சிறு துளை. அதில் பச்சையாக ஒன்று ஊறி, தடித்து, தொங்கியது. அவர் முகத்தைத் திருப்புவதற்குள் விழுந்துவிட்டது. உதட்டோரத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. இனித்தது. துப்பினார்.

“யுகேந்திரா, வாட்டர் பம்ப்பு!”

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். ராக்காயியும் குனிந்தாள். பம்பைப் பார்த்தாள், அவர் வாயைப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடாரத்துக்குப் போனாள்.

“பெரியப்பா, வாங்க. நேரமாச்சு.”

“இருடா.”

அதற்குப் பிறகு பீடோர் டவுன்வரை வேறொரு பேச்சு போயிருக்கிறது: எடுக்கிற நேரத்தில் ஐயாவு வேனுக்கு அடியில் கிடந்து கால் மணி நேரம் அழுதாராம். அது தவறு. அந்தப் பம்பில் நான்கு போல்ட்டுகள் இருந்தன. அவர் ஒவ்வொன்றையும் துண்டால் துடைத்துவிட்டு, மறுபடி ஈரமாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.