திருப்புளி தொட்டவள்

தையல் கூடத்தில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். பதினொரு வருடமாக ஓவர்லாக் மெஷினில் குனிந்தே கிடப்பவளுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும் என்று ஒருத்தரும் யோசித்ததில்லை. அங்கே தைக்கிறவர்கள் எல்லோரும் பெண்கள், மெஷினைக் கழற்றிப் பூட்டுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண்கள் நூல் கோக்கலாம், ஊசி மாற்றலாம். திருப்புளியைத் தொட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மெஷின் நின்றால் மெக்கானிக் ஆடி அசைந்து வருவார். வந்து, "என்னம்மா பண்ணுது?" என்று அவளையே கேட்பார்.

"அடியில நூலைக் கோக்கிற லூப்பர் தள்ளிப் போயிருக்கு. ஊசிப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்க."

நகர்த்துவார், மெஷின் ஓடும். "ஆம்பள கை பட்டாதான் அடங்குது பாத்தியா?" என்று பெருமை வேறு. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த மெக்கானிக் வேறு கம்பெனிக்குப் போனதும் அவள் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"அந்த வேலையை எனக்குக் குடுங்க சார்."

மேனேஜர் சிரித்தார். "அழுக்குலயும் எண்ணெயிலயும் கிடக்கிற வேலைம்மா அது. உங்களுக்கெல்லாம் பூ மாதிரி விரல். தைக்கத்தான் சரி."

அவள் மேஜைமேல் கையை விரித்து வைத்தாள். ஊசி ஏறி ஏறி இரண்டு நகம் கறுத்துக் கிடந்தது. "இதுவா சார் பூ?"

அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். சிபாரிசோடு ஓர் ஆள் வந்திருக்கிறார், இரண்டு பேருக்கும் நாளைக்குப் பரீட்சை வைக்கிறேன் என்று தட்டிக்கழித்து அனுப்பினார்.

மறுநாள் இரண்டு மெஷின்களில் ஒரே கோளாறை வைத்திருந்தார்கள். தையல் விட்டுவிட்டு விழுந்தது. அவள் மூடியைத் திறந்தாள், சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள், லூப்பரின் திருகைத் தளர்த்தி நகர்த்தி இறுக்கினாள். அவ்வளவுதான், தையல் வரிசையாக விழுந்தது. அந்த ஆள் இன்னும் நூலையே மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டிருந்தார்.

"போடு!" என்று பக்கத்து மெஷின் அக்கா கத்தியே விட்டாள்.

மேனேஜர் துணியை இழுத்துப் பார்த்தார். "பிரமாதம்மா! இனிமே உன் வரிசையில எந்த மெஷின் நின்னாலும் நீயே பாத்துடு."

"அப்போ வேலை எனக்குத்தானே சார்?"

"வேலை அவருக்குத்தாம்மா. குடும்பஸ்தர். நீ தையலையும் பாத்துக்கிட்டு, அவருக்குக் கொஞ்சம் கத்தும் குடுத்துடு."

அவளுக்கு உச்சந்தலைவரை கொதித்தது. குடும்பஸ்தராம்! படுத்த படுக்கையாகக் கிடக்கிற மாமியாரையும் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேரையும் ஒற்றை ஆளாகத் தூக்கிச் சுமக்கிற அவள் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவளா? அவள் கை வேண்டுமாம், அவள் மூளை வேண்டுமாம், அந்த வேலை மட்டும் அவளுக்கு இல்லையாம்.

அவள் மூடியை மறுபடி திறந்தாள். திருகைத் தளர்த்தி, லூப்பரைப் பழைய இடத்துக்கே தள்ளி, நன்றாக இறுக்கினாள். துணியை ஓட்டினாள். தையல் விட்டுவிட்டு விழுந்தது. அதைக் கிழித்து மேனேஜர் கையில் கொடுத்தாள்.

"மெஷின் சரியா ஓடல சார். நான் டெய்லர்தானே? உங்க மெக்கானிக்கைப் பாக்கச் சொல்லுங்க."

மேனேஜர் முகம் சுண்டிப்போயிற்று. அந்த ஆள் வந்து மூடிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் திருப்புளியை அவரிடம் நீட்டிவிட்டுத் தன் மெஷினுக்குத் திரும்பினாள்.