ஏற்றமரமும் தார்ப்பாயும்

ஐப்பசி அடைமழையில் யாராவது கல்யாணம் வைப்பார்களா? ஆதிலட்சுமி தன் மகளுக்கு வைத்தாள். மாப்பிள்ளை சைகோனுக்குக் கப்பல் ஏற வேண்டும், பிரெஞ்சு சர்க்காரின் மேரி ஆபீசில் கல்யாணப் பதிவும் முடிந்துவிட்டது, பிறகு அவள்தான் என்ன செய்வாள்?

"பாகூர்ல என் ஓட்டு வூடு இருக்குதே, அங்க வச்சிக்க" என்றார் புருஷனின் அண்ணன் குழந்தைவேல்.

"அவர யாரு மாமா தூக்கினு வர்றது?"

"அவன் வராட்டி இன்னா? நான் தாரை வாத்துக் குடுக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. சுப்பராயலு கை கால் விழுந்து கட்டிலோடு கிடந்தான். சோரியாங்குப்பத்திலிருந்து வண்டியில் ஏற்றிப் போனால் உடம்பு தாங்காது. அதற்காக, உயிரோடு இருக்கிற அப்பனை ஒதுக்கிவிட்டு ஒரு கல்யாணமா? மகள் அமுதத்தின் கழுத்தில் தாலி ஏறுவதை அவன் தன் வாசலில் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

பாகூர்க் கடைத்தெருவில் கடைக்காரர் பஷீர் அகமது, பந்தலுக்கென்று முதலில் பளபளப்பான தார்ப்பாய் ஒன்றை விரித்தார். "தூக்க லேசும்மா."

"தூக்கவா வாங்கறேன்? மழைக்கு வாங்கறேன்." வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. அடியில் கிடந்த கனத்த கித்தானை இழுக்கச் சொன்னாள். தார் மணத்தது, ஓரமெல்லாம் கயிறு வைத்துத் தைத்திருந்தது. நடுவைக் குழித்துக் குடத்துத் தண்ணீரை ஊற்றச் சொல்லி, கடைக்காரர் வெற்றிலை போட்டு முடிக்கிற வரை காத்திருந்து அடியில் கையை வைத்தாள். ஈரமே இல்லை.

பந்தல்காரர் சின்னப்பிள்ளை கீற்றுப் பந்தல் போலத் தட்டையாகவே கட்டினார். கல்யாணப் பந்தல் என்றால் அப்படித்தானே? ஆனால் கீற்று தண்ணீரை ஒழுகவிடும், தார்ப்பாய் விடாது. அது ஒருவருக்கும் தோன்றவில்லை, கடை முழுக்கச் சலித்து வாங்கிய ஆதிலட்சுமிக்கும்தான்.

கல்யாணத்துக்கு முந்தின மத்தியானம் மழை பிடித்தது. தார்ப்பாய் சினைப்பசு வயிறாகத் தொங்கியது. மூங்கில் முறுக்கிக்கொண்டு முனகியது.

"கத்தியால குத்தி வுடு சின்னப்பிள்ளை. எல்லாரும் என் வூட்டுக்குக் கெளம்புங்க" என்றார் குழந்தைவேல்.

ஆதிலட்சுமி கத்தியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். உலக்கைத் தலையில் பழம்புடவையைச் சுற்றி, அடியிலிருந்து மூச்சைப் பிடித்து உந்தினாள். தண்ணீர் ஓரமாகப் பாய்ந்து கொட்டியது.

"மறுபடி ரொம்பும்மா. நடுவுல நீளமா மரம் குடுத்து ஒசத்தணும்" என்றார் சின்னப்பிள்ளை.

நீள மரம் கொல்லைக் கிணற்றடியில் கிடந்தது. தண்ணீர் இறைக்கச் சுப்பராயலு ஏறி மிதித்த ஏற்றமரம். அவன் படுக்கையில் விழுந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அவள் கட்டிலைப் பார்த்தாள். அவனுக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"எ...டு" என்றான் குழறிய நாக்கால்.

ஏற்றமரம் முகடாக ஏறியது. தார்ப்பாய் இரண்டு பக்கமும் சரிந்து நின்றது.

"மாட்டுக் கொட்டாயாட்டம் இருக்குது" என்றார் குழந்தைவேல்.

"மாடு நனையாமத்தானே நிக்குது, மாமா."

முகூர்த்தத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. வாசற்படியோரம் கட்டிலில் சாய்ந்திருந்த சுப்பராயலு மேலே தன் மரத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு விளங்குகிற ஒரு கையால் அட்சதையை அள்ளி எறிந்தான். அரிசி காய்ந்த அரிசியாகவே மகள் தலையில் விழுந்தது.