பெட்டி கத்திய மதியம்

கட்டடங்களில் தீ அலாரம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பது என் தொழில். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அலாரம் அடித்தால் காரணத்தைத் தேடாமல், பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகும் வாட்ச்மேன்களை நான் சும்மா விட்டதே இல்லை. "சத்தத்தை நிறுத்தாதீங்கய்யா, அது எதுக்குக் கத்துதுன்னு பாருங்க!" என்று வீடு அதிர போனில் கத்துவேன்.

எங்கள் மகள் அதை அப்படியே நடித்துக் காட்டுவாள். ஏழு வயது. வாலு என்றுதான் கூப்பிடுவோம். இடுப்பில் ஒரு கை, காதில் டிவி ரிமோட், என் குரலைவிடத் தடித்த ஒரு குரல். கடைசியில் "வைங்கய்யா போனை" என்று அதட்டிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். என் மனைவி அதை ஒருநாள் வீடியோ எடுத்தாள்.

எட்டு மாதத்துக்கு முன், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன பிள்ளையை ஐந்தாம் நாள் உயிரோடு கொண்டுவர முடியவில்லை. அதற்குமேல் அதைச் சொல்ல எனக்கு வராது.

வீட்டுப் படம், வீடியோ எல்லாம் ஹாலில் வைஃபை ரவுட்டருக்குப் பக்கத்தில் இருந்த சேமிப்புப் பெட்டியில் இருந்தன. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் இருப்பதுதான் இன்னொன்றிலும். ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்று மார்தட்டி வாங்கியவன் நான். அந்தத் தெம்பில் ஞாயிறுதோறும் எங்கள் இரண்டு போன்களிலும் இருப்பதைப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, போன்களை வழித்துத் துடைத்துக் காலி செய்வேன். போன மாதம் பெட்டியில் இருந்த எதுவும் திறக்கவே மறுத்துவிட்டது.

கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்பவர் ஒருவரிடம் கொடுத்தோம். என் மனைவி அவரை 'டாக்டர்' என்றுதான் சொல்வாள். மூன்று வாரம் கழித்து இருவரையும் வரச் சொன்னார். மேசைமேல் இரண்டு டிஸ்க்கும் மூடி திறந்து கிடந்தன.

"ரெண்டுலயும் தகடு கீறிப்போச்சு சார். வீடியோ ஒண்ணும் தேறல. லிஸ்ட்ல காட்டுறதுக்காகப் பெட்டி தானா எடுத்து வச்ச குட்டிப் படங்கதான் கொஞ்சம் கிடைச்சுது" என்றார், எங்கள் முகத்தைப் பார்க்காமல்.

திரையில் தபால்தலை அளவுக்குப் படங்கள். மனைவிதான் கண்டுபிடித்தாள். இடுப்பில் கை, காதில் ரிமோட், திறந்த வாய்.

"இதை அமுக்கினா ஓடாதா?"

"இது வெறும் படம்மா."

ஆனாலும் அவள் ஒருமுறை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாவா போச்சு?" என்று நான் கேட்டேன். வாய் நீளம் என்று சொன்னேனே.

"இல்ல சார். முதல் டிஸ்க் போய் எட்டு மாசம் ஆச்சு. பெட்டியில பதிவாகியிருக்கு பாருங்க. பீப் அடிச்சிருக்கு, யாரோ பொத்தானை அமுக்கி நிறுத்தியிருக்காங்க. அப்பவே அதை மாத்தியிருந்தா எல்லாம் பத்திரமா இருந்திருக்கும்."

தேதியைப் பார்த்தேன். வாலு போய் நாலாம் நாள். மதியம் இரண்டு இருபது.

அந்த மதியம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாலு நாளாகப் பொட்டுத் தூக்கம் இல்லாத என் மனைவி அப்போதுதான் வாலுவின் போர்வையைக் கட்டிக்கொண்டு கண் அசந்திருந்தாள். பெட்டி கத்தியது. அவள் எழுந்துவிடக் கூடாதே என்று ஓடிப்போய் அமுக்கினேன். எதற்குக் கத்துகிறது என்று பார்க்கவில்லை. அப்புறம் மறந்தே போனேன். ஊருக்குத்தான் உபதேசம்.

வெளியே வந்ததும் சொன்னேன். "நான்தான் அமுக்கினேன். நீ தூங்கிட்டிருந்தே..." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது.

"நான் தூங்கலங்க. கண்ணைத்தான் மூடியிருந்தேன். நீங்க ஓடுனதும் கேட்டுச்சு, சத்தம் நின்னதும் கேட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு. எதுக்குக் கத்துச்சுன்னு நானும் கேக்கலயே."

தெருவில் ஆட்கள் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அவ இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் சும்மா விட்டிருப்பாளா?" என்றவள், இடுப்பில் கை வைத்து, குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு, "சத்தத்தை நிறுத்தாதீங்கய்யா" என்றாள். சட்டென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இப்படியா சொல்லுவா? இன்னும் கொஞ்சம் இழுப்பாளோ?"

எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை.