கருப்பம்மா பாடமாக்கிய வாக்கியம்

பசறையில் பஸ் ஏறியதும் வீரசிங்கம் பின் சீட்டில் உட்கார்ந்தான். முன் சீட்டில் அவனுடைய அம்மா கருப்பம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தவர்கள் சாமி கும்பிடுகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள். அவள் சொல்லிக்கொண்டிருந்தது இங்கிலீஷ்.

'ஐ வில் ஆல்வேஸ் லிவ் ஹியர்.' நான் எப்போதும் இங்கேதான் வாழ்வேன்.

பதுளையில் அன்று பிரஜாவுரிமை விசாரணை. மடுல்சீமைக்கு மேலே அவர்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டிருந்தார்கள். கருப்பம்மா, வீரசிங்கம், ஒரே வரிசை வீடான லயத்தில் அடுத்த காம்பிராவில் இருக்கும் இராசையா, கொழுந்து எடுக்கும் இராக்கம்மா. இந்த நாட்டிலேயே நிலையாகத் தங்கப்போகிறவர்கள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வந்தால் பதிவு. வராவிட்டால் இந்தியாக்காரர். அப்புறம் என்றைக்கு வேண்டுமானாலும் தலைமன்னாரில் கப்பலேற்றலாம். வீரசிங்கம் கைக்குழந்தையாக அந்தக் கடலைத் தாண்டி வந்தவன். அக்கரையில் அவனுக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. அந்தப் பயத்திலேயே அவன் சில மாதங்களாக ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

இங்கிலீஷில் சொல்லும் யோசனையைக் கொண்டுவந்தவர் இராசையாதான். லுணுகலைச் சந்தையில் யாரோ சொன்னார்களாம், பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவன் இங்கிலீஷில் பதில் சொல்லி அப்போதே பதிவாகிவிட்டான் என்று.

"நடுவுல நின்னு மொழி மாத்திச் சொல்றவரு யாழ்ப்பாணத்துக்காரருப்பா. நம்ம ஒண்ணு சொல்ல அவரு ஒண்ணு வெளங்கிக்கிட்டா நம்ம கதி? நேரா அதிகாரி காதுல விழணும். நீதான் பதுளையில இங்கிலீசு படிச்சவன். ஒரே ஒரு வரி சொல்லிக்குடு" என்றார்.

வீரசிங்கம் எட்டாம் வகுப்போடு நின்றவன். இலக்கணப் புத்தகம் மட்டும் மிச்சம் இருந்தது. அந்தியில் வேலை முடிந்து வந்ததும் லயத்து வாசலில் மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தான். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். இராசையா 'ஆல்வேஸ் ஐ வில்' என்று ஆரம்பித்தார். இராக்கம்மா ஆல்வேஸைக் கொண்டுபோய்க் கடைசியில் போட்டாள். கருப்பம்மாவுக்கு 'ஐ ஆல்வேஸ் வில்' என்றுதான் வந்தது.

"அப்படி இல்லம்மா. காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்கிறோமில்ல, கங்காணி முன்னாடி, நம்ம பின்னாடி. வில்லுதான் கங்காணி. ஆல்வேசு அவருக்கு அடுத்தாப்புல நிக்கணும். அதுக்கப்புறந்தான் லிவ்."

"அது என்ன ஆல்வேசோ, புதுசா வந்த மருமக மாதிரி முன்னாடி வரவே மாட்டேங்குது" என்றாள் இராக்கம்மா.

"ஒன் மருமக முன்னாடியும் நிப்பா, ஒன்னையும் நிக்கவைப்பா. நீ ஒழுங்காச் சொல்லு" என்றார் இராசையா.

கருப்பம்மா சிரிக்கவில்லை. "ஏன்டா, நான் தமிழ்லயே சொல்லிர்றேனே. ஒங்கப்பாவ பொதச்ச எடத்துக்கு மேலதான போன வருசம் புதுசாக் கன்னு நட்டாங்க. அந்தக் கொழுந்த நான்தான் எடுக்கப்போறேன். அத விட்டுட்டு எங்க போவேன்னு கேக்குறேன். இதச் சொன்னாப் போதாதா?"

"வேணாம்மா. நீளமாப் பேசுனா நோண்டிக் கேப்பாங்க. எதுலயாவது மாட்டிக்குவோம். இந்த ஒரு வரி போதும்."

அவள் அந்த வரியையே எடுத்துக்கொண்டாள். கொழுந்து எடுக்கும்போதும், அடுப்பு ஊதும்போதும், பீலித் தண்ணீருக்குக் குடத்தை வைத்துவிட்டு நிற்கும்போதும் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள் அது சரியாக வந்துவிட்டது. அப்புறம் தவறவே இல்லை.

பதுளையில் விசாரணை நடந்தது ஒரு வாடகை வீட்டு முன்னறையில். விறாந்தையில் பெஞ்சு. அறைக்கும் விறாந்தைக்கும் நடுவே இடுப்பளவுக்குப் பலகைத் தடுப்பு, அதற்கு மேல் கம்பி வலை. உள்ளே பேசுவது வெளியே கேட்டது. மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் கனகசுந்தரம், யாழ்ப்பாணத்து மனிதர், வெள்ளைக் கோட்டுக்கு மேல் கழுத்தில் கம்பளித் துண்டு.

இராசையா முதலில் போனார். ஊர், பேர், எத்தனை வருஷம் என்றெல்லாம் கேட்டு முடித்து, இங்கேயே தங்குவீரா என்று கனகசுந்தரம் கேட்டார். இராசையா தலைப்பாகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு சொன்னார்.

"ஐ வில் ஆல்வேஸ் லிவ் ஹியர்."

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "குட்" என்றார். அவருடைய காகிதக் கட்டை எடுத்து வலதுகைப் பக்கம் வைத்தார். பெஞ்சில் இருந்த வீரசிங்கத்துக்கு மூச்சு வந்தது.

அடுத்தது இராக்கம்மா. அதே கேள்வி. லயத்து வாசலில் அத்தனை தடவை ஆல்வேஸைக் கடைசியில் தள்ளியவள், அன்று பார்த்து ஒரு பிசகில்லாமல் சொன்னாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு கனகசுந்தரத்திடம் இங்கிலீஷில் பேசினார். விறாந்தையில் அது விளங்கியது வீரசிங்கம் ஒருவனுக்குத்தான்.

"அதே வாக்கியம். ஒரு சொல் இடம் மாறவில்லை. என் குமாஸ்தாக்கள்கூட இவ்வளவு சரியாகச் சொல்லமாட்டார்கள். யாரோ இவர்களுக்குப் பாடம் நடத்தி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்தவன் வாயில் போட்ட பதிலை நான் எப்படி நம்புவது?"

அவர் இராக்கம்மாவின் கட்டை இடது பக்கம் வைத்தார். வலது பக்கத்திலிருந்து இராசையாவின் கட்டையும் எடுத்து அதன்மேல் போட்டார்.

வீரசிங்கம் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். பியோன் கருப்பம்மாவின் பேரைக் கூப்பிட்டான். அவள் எழுந்து முந்தானையைச் சரிசெய்தாள்.

"அம்மா, அதச் சொல்லாத" என்றான் பதறி. "அந்த வரி வேணாம்மா, அத..."

"ஏய், இங்க பேசப்படாது!" பியோன் குறுக்கே வந்து நின்றான்.

கருப்பம்மா திரும்பி, பயப்படாதே என்பதுபோலக் கையைக் காட்டினாள். "தெரியும்டா. வில்லுக்குப் பின்னாடி ஆல்வேசு. மறக்கமாட்டேன்."

அவன் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தான். அவள் உள்ளே போய்விட்டாள். தன் வாயாலேயே ஆத்தாளைக் கப்பலேற்றுகிறோம் என்று அவனுக்குள் ஏதோ அலறியது. அன்றைக்கு அவளை அவள் போக்கில், ஐ ஆல்வேஸ் வில் என்றே விட்டிருக்கக் கூடாதா? கன்று நட்ட கதையைச் சொல்ல விட்டிருக்கக் கூடாதா?

கேள்வி வந்தது. கருப்பம்மா கைகூப்பினாள். ஒவ்வொரு சொல்லாக, நிதானமாக, அடி பிசகாமல் சொன்னாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கனகசுந்தரம் குனிந்து கேட்டார். "அம்மா, இதை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"என் மகன்தாங்க." அவள் குரலில் அப்படியொரு பூரிப்பு. "வெளியில இருக்கான் பாருங்க, அவன்தான். மூணு பேருக்கும் அவன்தான் சொல்லிக்குடுத்தான். இங்கிலீசு படிச்ச புள்ளைங்க."

கனகசுந்தரம் விறாந்தைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அதிகாரி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மொழிபெயர்த்தார். கருப்பம்மாவின் கட்டும் இடது பக்கம் போயிற்று.

வெளியே வந்தவளின் முகம் தீபாவளி மாதிரி இருந்தது. "சரியாச் சொல்லிட்டேன்டா" என்று அவன் தோளைத் தட்டிவிட்டு, அவன் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

வீரசிங்கம் மேசை முன்னால் போய் நின்றதும் கேள்விக்குக்கூடக் காத்திருக்கவில்லை. "ஐயா, நான்தாங்க சொல்லிக்குடுத்தேன். ஆனாப் பொய் சொல்லிக்குடுக்கலங்க. அவங்க மனசுல உள்ளதத்தான்... எங்கப்பாவ அங்கதாங்க பொதச்சிருக்கு. அதுக்கு மேல தேயிலக் கன்னு..."

"மெதுவாச் சொல்லும் தம்பி, நான் சொல்லவேணும்" என்றார் கனகசுந்தரம்.

அதிகாரி கையை உயர்த்தி அவரைத் தடுத்தார். அவனை நேராகப் பார்த்து இங்கிலீஷிலேயே கேட்டார். "நீதானே வாத்தியார்? உனக்கெதற்கு மொழிபெயர்ப்பாளர்? இங்கேயே தங்குவாயா? இங்கிலீஷில் சொல்."

வீரசிங்கம் வாயைத் திறந்தான். "மை ஃபாதர்" என்றான். புதைத்திருக்கிறது என்பதற்கு என்ன சொல்? கன்றுக்கு என்ன? அப்பாவின் மேல் வளர்ந்த கொழுந்தை அம்மா எடுப்பாள் என்பதை அந்தப் பாஷையில் எங்கே ஆரம்பிப்பது? எந்தச் சொல்லுக்குப் பின்னால் எது நிற்கவேண்டும் என்று சொல்லித்தந்த புத்தகம், இதற்கான சொற்களைத் தந்திருக்கவில்லை. "மை ஃபாதர்" என்றான் மறுபடியும்.

"ம்?" அதிகாரியின் கை ஏற்கெனவே அவனுடைய கட்டின்மேல் இருந்தது.

அவனிடம் மிச்சமிருந்தது ஒரே வாக்கியம். அது உண்மையும்தான். கம்பி வலைக்கு அப்பால் கருப்பம்மா பெஞ்சின் நுனிக்கு வந்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகனுக்கு மறந்துபோய்விட்டதோ என்ற பயத்தில் அவள் உதடும் அசைய ஆரம்பித்தது.

"ஐ வில்" என்றான். நிறுத்தினான்.

"ஆல்வேஸ்" என்றான்.

வலைக்கு அப்பால் அவள், சரி, அப்படித்தான் என்று தலையை ஆட்டினாள்.